சோறூட்ட ஓர் ஆள் வேண்டும்

என் மகள் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை பேரனுக்கு ஐந்து மாதமும் ஒரு வாரமும் ஆகியிருந்தது. சட்டப்படி அவளுக்குக் கிடைத்த விடுப்பு 26 வாரம். அதில் மூன்று வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சம் 23. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஆறு மாசம் முடியிற வரைக்கும் வேற எதுவும் குடுத்துடாதம்மா." பீய்ச்சி எடுத்த பால் ஃப்ரீசரில் தேதி போட்டு வரிசையாக இருந்தது. அதைக் கரைத்துக் கரைத்துப் பாலாடையில் புகட்டி மூன்று வாரத்தை ஓட்டினேன்.

ஆறு மாதம் முடிந்த அன்று கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினேன். முதல் கரண்டியை நாக்கால் அப்படியே வெளியே தள்ளினான். இரண்டாவதை வாயில் வைத்துக்கொண்டு, யாரோ ஏமாற்றிவிட்டதுபோல என்னைப் பார்த்தான். இரண்டு தேக்கரண்டிக் கஞ்சி உள்ளே போக நாற்பது நிமிடம் ஆனது. போனதைவிட என் புடவையில் வழிந்தது அதிகம். இதை நாளுக்கு இரண்டு வேளை, பிறகு மூன்று வேளை, ஒரு வயதுக்குப் பின் நான்கு வேளை செய்ய வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கணக்காக உறைத்தது.

எனக்கு இது புதிதாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள். நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தானே? ஆனால், நான் வேலைக்குப் போன காலத்தில் தனியார் நிறுவனத்தில் விடுப்பு 12 வாரம். மூன்றாம் மாதமே மேசைக்குத் திரும்பிவிட்டேன். என் மகளுக்கு முதல் சோற்றைப் பிசைந்தவள் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்த என் அம்மா. இப்போது என் முறை. சட்டம் விட்டுவைத்த இடைவெளியை இரண்டு தலைமுறையாக எங்கள் வீட்டில் ஒரு பாட்டி அடைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டி இல்லாத வீட்டில் என்ன செய்கிறார்கள்?

குழந்தைக்குத் திட உணவு தொடங்குவதைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருபவையெல்லாம் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. எப்போது கொடுப்பது, என்ன கொடுப்பது. யார் கொடுப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. "தாய்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் கிடைத்தாயிற்று. நான்கிலிருந்து ஆறு மாதம் என்று தளர்வாகச் சொல்லிக்கொண்டிருந்ததை 2001-ல் உலக சுகாதார சபை ஆறு மாதம் என்று திருத்தியது. காரணம் எளியது. நிறைமாதக் குழந்தை வயிற்றிலிருக்கும்போதே சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறக்குறைய அந்தச் சமயத்தில் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. கழுத்து நின்று, பிடித்தால் உட்காரவும் தொடங்கி, கரண்டியை நாக்கால் தள்ளும் அனிச்சைச் செயலும் குறைவது ஏறத்தாழ இதே வயதில்தான். ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம், பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்று பார்த்துச் சோறூட்டும் வழக்கமும் ஆறாம் ஏழாம் மாதத்தைச் சுற்றியே நிற்கிறது. பெண் என்றால் ஐந்தாம் மாதமே என்று அவசரப்படுகிறவர்களும் உண்டு. அதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன்.

பிறந்ததும் சேனை தொட்டு வைப்பது, பெரியவர் ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தடவினால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது, உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்துப் புகட்டுவது - இதிலெல்லாம் என் அம்மா கெட்டிக்காரி. தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். மற்றதையும் நான் ஒதுக்கிவிட்டேன். ஆனால், அம்மாவின் கேழ்வரகை ஒதுக்கவில்லை. அதில் ஒரு பெரிய சங்கதி இருக்கிறது.

ஆறு மாதக் குழந்தையின் வயிறு எவ்வளவு பிடிக்கும்? கிலோவுக்கு 30 மில்லி என்பது ஒரு கணக்கு. ஏழு கிலோக் குழந்தைக்கு ஒரு டம்ளர் அளவு, அவ்வளவுதான். ஆறு முதல் எட்டு மாதம் வரை, தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். ஒன்பதாம் மாதத்திலிருந்து 300, ஒரு வயதுக்குப் பிறகு 550. இப்போது நம் வீடுகளில் காய்ச்சும் கஞ்சியைப் பாருங்கள். "தொண்டையில் சிக்கிக்கும்" என்ற பயத்தில், ஒரு கரண்டி மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். பத்து கிராம் மாவு என்றால் அதில் இருப்பது 35 கலோரி. வயிறு நிரம்பிவிட்டது, குழந்தை தூங்கிவிட்டது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால், சத்தைத் தேடினால் அந்த டம்ளரில் இருந்தது தண்ணீர்.

சரி, கெட்டியாகக் கிண்டினால்? குழந்தையால் விழுங்க முடியாது. அங்கேதான் முளைகட்டும் வித்தை வருகிறது. கேழ்வரகை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் முடிந்து தொங்கவிட்டு, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, திரித்துச் சலித்து வைப்பார் அம்மா. முளைவிடும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். ஆகவே, அதே அளவு மாவைப் போட்டாலும் கஞ்சி இளகி நிற்கும். அதாவது, குழந்தை விழுங்கும் பதத்திலேயே இன்னும் கூடுதலாக மாவைச் சேர்க்கலாம். 1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினரும், மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மல்லேஷியும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கெட்டியான கஞ்சியில் ஒரு சிட்டிகை முளைமாவைத் தூவினால் சில நிமிடங்களில் இளகுவதை அடுப்படியிலேயே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: வாசனைக்காகக் கருக வறுத்தால் நொதி செத்துவிடும். அம்மாவுக்கு நொதி தெரியாது. ஆனால், "சூடு பட்டா போதும், சிவக்க விடாதே" என்று சொல்லத் தெரியும்.

இந்த வித்தைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கவனித்தீர்களா? ஊற ஓர் இரவு, முளைக்க ஒன்றரை நாள், காய ஒரு நாள், பிறகு மில்லுக்கு நடை. இதையும் ஓர் ஆள்தான் செய்ய வேண்டும்.

என்ன கொடுப்பது என்பதில் மருத்துவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை அதைக் காட்டாதீர்கள் என்று 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்தியது. 2008-ல் ஆதாரம் போதாது என்று அதை விலக்கிக்கொண்டது. அதே சமயத்தில் லண்டனைச் சேர்ந்த கிடியன் லாக் ஒரு வினோதத்தைக் கவனித்தார். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு இருக்கும் வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளிடம் மிகக் குறைவு. அங்கே கைக்குழந்தையாக இருக்கும்போதே வேர்க்கடலை நொறுக்கைக் கொடுத்துப் பழக்கிவிடுகிறார்கள். 640 குழந்தைகளை வைத்து அவர் செய்த சோதனையின் முடிவு 2015-ல் வெளிவந்தது. சீக்கிரம் சாப்பிட்ட குழந்தைகளில் ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. நம்மூர்ச் சத்துமாவில் வேர்க்கடலை எப்போதும் இருந்ததுதான். மாவாக, விழுதாகக் கொடுக்கலாம். முழுக் கடலை மட்டும் கூடாது, புரையேறினால் உயிருக்கே ஆபத்து.

முட்டை, மீன், ஈரல், பருப்பு, கீரை எல்லாம் ஆறு மாதத்திலிருந்தே மசித்துக் கொடுக்கலாம். உப்பும் சர்க்கரையும் அவசியமில்லை. பிடிக்கவில்லை என்று துப்பினால் எட்டுப் பத்து முறையாவது திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் பாடம். ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அங்கன்வாடிச் சுவரிலும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

பாடம் இவ்வளவு சிறியதாக இருந்தும் மதிப்பெண் ஏன் இப்படி இருக்கிறது? 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் 11.3%. நூறில் பதினொருவர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 57.4%. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7% ஆக இருந்தது, ஏறியிருக்கிறது. மகப்பேற்றில், தடுப்பூசியில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது. எழுத்தறிவு குறைவு, விழிப்புணர்வு இல்லை என்று இங்கே சொல்லித் தப்ப முடியாது.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. நான் பேரனுக்கு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டே துலக்குவாள். ஒருநாள் உன் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "பருப்பு சாதம் குடுக்கணும், முட்டை குடுக்கணும், எல்லாம் நர்ஸம்மா சொல்லிக்கிறாங்கம்மா. நான் காலைல ஆறு மணிக்கு வந்தா மூணு மணிக்குப் போறேன். பக்கத்து வூட்டு ஆயா டீயில பொறையைத் தோச்சுக் குடுக்கும். அதுக்கு வயசு எழுவது. அதைப் போய் என்ன கேக்கறது?" என்றாள்.

அவளுக்குத் தெரியாதது எதுவும் எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது காலை நேரம்.

நேரத்தின் கணக்கு

ஒரு வேளை ஊட்ட அரைமணி என்று வைத்தால், மூன்று வேளைக்கு ஒன்றரை மணி நேரம். சமைக்க, மசிக்க, கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டெடுக்க, தரையைத் துடைக்க, துணி மாற்ற இன்னொரு ஒன்றரை மணி. காலையிலேயே மூன்று வேளைக்கும் செய்து வைத்துவிட்டுப் போனால் என்ன? நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்த உணவு குழந்தைக்கு ஆகாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் காலைக் கஞ்சி மதியத்துக்கு வயிற்றுப்போக்கு. அதனால்தான் பிஸ்கட்டும் பொறையும் ஜெயிக்கின்றன. அவை கெடுவதில்லை, மசிக்க வேண்டியதில்லை, அழும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அந்த எழுபது வயது ஆயா செய்தது அறியாமையால் அல்ல.

இங்கே சட்டத்தைத் திறந்து பார்க்கலாம். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கியபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரைக்கு ஏற்ற அளவு என்றும் பெருமைப்பட்டோம். அதாவது, சட்டம் பாலைக் கணக்கில் எடுத்தது. பால் மட்டும் போதாமல் போகிற நாளில் விடுப்பும் முடிகிறது. தொழிலாளிக்கு 15 மாதம் வரை பால் கொடுக்க நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. சென்னையில், பெருங்குடியில் அலுவலகம், காப்பகம் ஏற்பாடு செய்த இடம் இன்னொரு கட்டடம், வீடு ஆவடி என்றால் அந்த நான்கு முறையை நீங்களே போட்டுப் பாருங்கள். கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் போகவா?

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. நல்ல காரியம். ஊட்டும் பருவத்தின் முதல் சில மாதங்கள் அதில் அடங்கிவிடுகின்றன. ஆனால், இந்தச் சலுகைகள் எல்லாம் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள பெண்ணுக்கு. பாத்திரம் துலக்குபவள், சித்தாள் வேலைக்குப் போகிறவள், களையெடுப்பவள், பூக்கட்டி விற்பவள் ஆகியோருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய். அதிலும் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போக, மீதி தவணையில் வரும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பணத்தை வைத்து எத்தனை மாதம் வீட்டிலிருக்க முடியும் என்று மட்டும் கேட்கிறேன்.

அப்பா எங்கே என்று கேட்பீர்கள். கோயிலில் சோறூட்டும்போது எடுத்த படத்தில் இருப்பார், பட்டு வேட்டியில். மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. அதைக் குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்குள்! கரண்டி பிடிக்கத் தெரிந்த ஆண், கரண்டி தேவைப்படாத மாதங்களில் மட்டும் வீட்டில் இருக்கலாம். விதியை எழுதியவர் குழந்தைக்கு ஒருநாளும் ஊட்டியிருக்க மாட்டார்.

நடக்கத் தெரிந்தவர்களுக்கே தட்டு

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதிலிருந்து குழந்தைகளுக்குத் தட்டில் சோறு போட்டது. அதைப் பற்றி ஆயிரம் கட்டுரை வந்திருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு, 1980-ல், உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அது குறிவைத்தது 6 முதல் 36 மாதக் குழந்தைகளை. ஊட்டச்சத்துப் பணியாளர் மாதா மாதம் எடை போடுவார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாளைக்குக் கூடுதல் உணவு. உள்ளூர்ப் பெண்கள் பிடித்த உருண்டையாக அது வந்தது. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு கணிசமாகக் குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின. தவழும் வயதுதான் பள்ளத்தில் விழும் வயது என்பதை நாற்பது ஆண்டுக்கு முன்பே இந்த மாநிலம் புரிந்துகொண்டிருந்தது என்பது முக்கியம். ஓட்டு என்று பார்த்தால் தட்டோடு உட்கார்ந்த பிள்ளைகளின் வரிசைதான் படத்துக்கு அழகு. தராசில் தொங்கும் எட்டு மாதக் குழந்தை சுவரொட்டிக்கு உதவாது.

இப்போது தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயதானவர்கள் அங்கே போய் உட்காரலாம், சாப்பிடலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வீட்டுக்கு எடுத்துப்போக மாவு. முளைகட்டிய கேழ்வரகு, கோதுமை, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்த நல்ல மாவு. நாளொன்றுக்கு 500 கலோரி என்ற கணக்கில் தருகிறார்கள். என் அம்மாவின் மூன்று நாள் வேலையை அரசு செய்து பாக்கெட்டில் போட்டுக் கொடுக்கிறது. அதைக் காய்ச்சி, ஆறவைத்து, மடியில் உட்காரவைத்து ஊட்டும் கையைத்தான் பாக்கெட்டில் போட முடியவில்லை. எனவே, அந்த மாவு பல வீடுகளில் மாலை வேளையில் எல்லோருக்கும் உருண்டையாகிறது. பெரிய பிள்ளை சாப்பிடுகிறது, அப்பா சாப்பிடுகிறார். குறை சொல்ல மனம் வரவில்லை.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு, நெஸ்லேயின் செரிலாக்கில் இந்தியாவில் ஒரு வேளைக்குச் சராசரியாக மூன்று கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்ப்பதாகவும், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சேர்ப்பதில்லை என்றும் சொன்னபோது நாடே கொதித்தது. ஐந்து ஆண்டில் 30% வரை குறைத்துவிட்டோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. கொதித்தது சரிதான். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு நியாயம், நம் பிள்ளைக்கு ஒரு நியாயமா? ஆனால், அரசு மாவிலும் வெல்லம் இருக்கிறதே என்று நான் கேட்டபோது, "வெல்லம் நல்லதுதானே" என்றார்கள். பல் முளைக்கும் வாய்க்கு இரண்டும் இனிப்புதான். முதல் ருசியே இனிப்பானால் பிறகு கீரை எப்படி இறங்கும்? இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-ன் சட்டமும் 2003-ன் திருத்தமும் சொல்கின்றன. அவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் டப்பா அலமாரிக்கு வருகிறது. வாங்குபவளுக்கு விளம்பரம் தேவையில்லை. வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் இரண்டு நிமிடம் என்பதே போதும்.

ஊட்டும் நேரம் குறையும்போது இன்னொன்றும் நடக்கிறது. மூக்கைப் பிடிப்பது, தலையைச் சாய்த்து ஊற்றுவது, கைப்பேசியில் பாட்டைப் போட்டுப் பிள்ளை வாய் பிளந்த கணத்தில் திணிப்பது. நானும் செய்திருக்கிறேன். இதற்கு நேர்மாறாக, 1920-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ், பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகளின் முன் வகைவகையான உணவை வைத்து, விரும்பியதை எடுத்துத் தின்ன விட்டார். மொத்தப் பட்டியலில் 34 பொருள்கள், சர்க்கரை கிடையாது. 15 குழந்தைகள், சிலர் ஆண்டுக்கணக்கில். எல்லாரும் தேறி வளர்ந்தார்கள். பிள்ளைக்குத் தன் வயிறு தெரியும் என்று இதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். குழந்தையே எடுத்துத் தின்னட்டும் என்று இணையத்தில் இப்போது பரபரப்பாக இருக்கும் 'பேபி லெட் வீனிங்'காரர்களும்தான். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் குழந்தையின் பக்கத்தில் ஒரு நர்ஸ் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை கைநீட்டும்வரை அசையக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. அசையாமல் காத்திருக்கச் சம்பளம் வாங்கிய ஒரு பெண்!

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாட்டையும் இந்த இடத்தில் எடுத்துப் போடுவது தமிழ்க் கட்டுரையாளர் வழக்கம். குறுகுறு நடையோடு வரும் பிள்ளை நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்வதைக் கண்டு மன்னன் உருகுகிறான். அருமையான பாட்டு. சோறு சிந்திய தரையை யார் துடைத்தார்கள் என்று மன்னன் சொல்லவில்லை.

பிள்ளைக் காம்பராவிலிருந்து

இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையை விட்டுப்போகும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். கொழுந்து பறிக்கும் விரல்கள் மலைக்கு வேண்டும் என்பதால் தோட்டத் துரைமார் ஒதுக்கிய இடம் அது. கருணையால் வந்ததில்லை. நம் நாட்டின் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் காப்பகம் கட்டாயமாக இருந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்று இருந்தது. 2005-ன் நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்தில் ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்தச் சொன்னது. அதாவது, யார் ஊட்டுவது என்ற கேள்வியை நம் சட்டங்கள் கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டு, பதிலைச் சரிபார்க்காமல் எழுந்து போய்விட்டன.

இதை விடாமல் கேட்டவர்களில் ஒருவர் மீனா சுவாமிநாதன். எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். மீனா தலைமையிலான குழு 1972-ல் கொடுத்த பரிந்துரைகள்தாம் 1975-ல் அங்கன்வாடித் திட்டத்துக்கு வித்திட்டவற்றில் முக்கியமானவை. 1969-ல் டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பகத்தோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. தாயின் வேலையையும் பிள்ளையின் வளர்ச்சியையும் தனித்தனிக் கோப்பில் வைக்காதீர்கள் என்பதே அவர் வாதம். 2022-ல் அவர் காலமானார். அதே ஆண்டு மத்திய அரசு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்று 'பால்னா' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறு மாதக் குழந்தையையும் அங்கே விடலாம். நாட்டில் அங்கன்வாடிகள் சுமார் 14 லட்சம். காப்பகமாக்க வைத்த இலக்கு 17,000.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பால்னாவுக்கு டெல்லி பணம் அனுப்பும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. சத்துணவுக்கு நாம் யாரையும் கேட்கவில்லை. பள்ளிக் காலை உணவுக்கும் கேட்கவில்லை. கட்டட வேலை, வீட்டுவேலைப் பெண்கள் அடர்ந்து வாழும் பகுதிகளில் - சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் - முதலில் அங்கன்வாடியை விடியற்காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை வரை வைத்திருக்கட்டும். ஐந்து கைக்குழந்தைக்கு ஒரு பெண் என்று புதிதாக ஆள் போடட்டும். இருக்கிற ஊழியரின் தலையிலேயே இதையும் கட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே எடை போட்டு, கைப்பேசிச் செயலியில் படம் ஏற்றி, வாக்காளர் பட்டியல் வேலைக்கும் ஓடுகிறார். மாவைப் பாக்கெட்டாகக் கொடுப்பதோடு, அங்கேயே காய்ச்சி ஊட்டுங்கள். வெல்லத்தைக் குறையுங்கள். அலுவலகப் பெண்ணுக்கு, 26 வாரம் முடிந்த கையோடு ஆறு மாதம் அரைநாள் வேலை என்ற உரிமை இருக்கட்டும். ஆணுக்கும் அதே உரிமை இருக்கட்டும். தந்தைமை விடுப்பின் கெடுவை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குத் தள்ளினால் அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை, ஒரு வரி திருத்தம் போதும்.

செலவாகும் என்பார்கள். ஆகும். இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. என் மகள் வீட்டில் என் கணக்கில் ஆகிறது. பாத்திரம் துலக்குபவள் வீட்டில் அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் ஆகிறது.

அந்தப் பெண்ணிடம், பிள்ளையையும் எடுத்துக்கொண்டு வா என்றேன். இப்போது பதினொரு மணிக்கு எங்கள் அடுப்படியில் இரண்டு பேர். ஒரே பருப்பு சாதத்தை இரண்டு கிண்ணத்தில் மசிக்கிறேன். அவள் பிள்ளை வேகமாகச் சாப்பிடுகிறது. அதைப் பார்த்துப் போட்டியில் என் பேரனும் வாயைத் திறக்கிறான். எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அடுத்த மாதம் எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. மூன்று மாதம் தரையில் உட்காரக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது.

மகள் காப்பகம் தேடிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பார்த்த இடத்தில் ஒன்றரை வயது நிறையாமல் எடுப்பதில்லை என்றுவிட்டார்கள். நேற்றுப் பார்த்த இடத்தில் எடுத்துக்கொள்வார்களாம். சாப்பாட்டை டப்பாவில் கொடுத்துவிட்டால் சூடாக்கிக் கொடுப்பார்களாம். சாப்பிடாவிட்டால்? "டப்பாவை அப்படியே பையில வச்சு அனுப்பிடுவோம் மேடம், நீங்க வீட்ல போய்க் குடுத்துக்கலாம்" என்றார்களாம்.